பீரோவுக்குள் ஏழைகளின் பங்கு

பக்ரீத் முடிந்த அந்த வாரம் எங்கள் சந்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. எலி செத்திருக்கும் என்றார்கள். சாக்கடை அடைத்திருக்கும் என்றார்கள். தேனாம்பேட்டை சிக்னலுக்குப் பின்னால், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்து இது. ஒரு வீட்டில் கிளம்பும் நாற்றம் இங்கே எல்லோருக்கும் சொந்தம். தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்று நின்று கால் வீங்கினாலும் என் மூக்கு மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது. முதல் நாளே சொன்னேன், இது எலி இல்லை, இறைச்சி என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாற்றத்தை பினாயில் ஊற்றி, சாம்பிராணி போட்டு, ஒரு வழியாகப் போக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் சந்து மனிதர்கள் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது. ஜைதூன் பீக்கு வாய் அதிகம் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அதனால் எனக்கு இழக்க ஒன்றுமில்லை, எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அஃப்சருன்னிசா எனக்கு ஆப்பா. கூடப் பிறந்த அக்கா கிடையாது, அதைவிட மேல். அவருடைய கணவர் இனாயத் பாய் பாண்டி பஜாரில் லேஸ், ஃபால்ஸ், ஹூக், பொத்தான் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். பெயருக்குத்தான் அவர் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்தது ஆப்பா. புடவையைப் பையிலிருந்து முழுசாக எடுப்பதற்குள், அதன் ஓரம் தெரிந்ததுமே, அதற்கேற்ற லேஸை ஆப்பா மேசைமேல் வைத்துவிடுவார். "இது வேணாம், வேற காட்டுங்க" என்று சொல்லிப் பார்க்கும் பெண்களிடம், "எடுத்துக்கினு போம்மா, வூட்ல போயி வெளிச்சத்துல பாரு, புடிக்கலன்னா என் மூஞ்சியில வீசு" என்பார். யாரும் வீசியதில்லை.

அந்த வீட்டு மாடி அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. சந்தில் யார் மக்காவுக்கு உம்ரா போனாலும், யார் வீட்டில் சண்டை வந்தாலும், யாருடைய மகன் கெட்ட சகவாசத்தில் விழுந்தாலும், பத்திரமாக வைக்கவேண்டிய பொருள் அந்த பீரோவுக்குப் போகும். என் கணவர் ஒவ்வொன்றாக அடகு வைக்க ஆரம்பித்த காலத்தில் என் கழுத்துச் சங்கிலி அங்கேதான் போய் உட்கார்ந்தது. மகள் கல்யாணத்துக்குத்தான் வெளியே வந்தது. ஒப்படைத்த பொருளை ஆப்பா வெள்ளை மல் துணியில் சுற்றி, கடையில் மிஞ்சிய பச்சை லேஸால் இறுக்கி முடிச்சுப் போடுவார். அதற்கு அமானத் என்று பெயர். அடுத்தவர் நம்பிக் கொடுத்தது, நம்முடையது அல்ல என்று பொருள். அவருடைய சொந்த வளையல்களோ சமையலறையில் அரிசி டப்பாவுக்குள் கிடக்கும்.

"ஏன் ஆப்பா, உங்க நகையையும் பீரோவுல வைக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னுது போனா எனக்குத்தான் நஷ்டம். அடுத்தவங்களுது போனா அல்லாகிட்ட இன்னா சொல்வேன்? பூட்டு அதுக்குத்தான் ஜைதூன்."

பக்ரீத்துக்குக் குர்பானியாக அறுத்த இறைச்சியைப் பங்கு போடுவதும் அவர்தான். வீட்டுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரர்களுக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு. எங்கள் சந்தில் குர்பானி கொடுக்கும் எல்லா வீடுகளும் ஏழைகளின் பங்கை ஆப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்துவிடும். அவர் பாயை விரித்து, தராசை எடுத்து வைத்து, பொட்டலம் கட்டுவார். சாயங்காலம் கேட் பக்கம் வரிசையில் நிற்பவர்களுக்குத் தன் கையால் கொடுப்பார். கொழுப்பும் எலும்புமாக யாராவது கொண்டுவந்தால் தொலைந்தார்கள். சந்தில் தன் வீட்டு முன்அறையிலேயே மொபைல் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீன் ஒரு வருஷம் அப்படித்தான் கொண்டுவந்தான்.

"எலும்ப குடுத்துட்டு நன்மைய வாங்கிக்கலாம்னு பாக்குறியா? எடுத்துக்கினு போ. தொடைக்கறி கொண்டா" என்று ஆப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை, போய்த் தொடைக்கறி கொண்டுவந்து வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

இனாயத் பாய் இறந்ததும் மகன் முதஸ்ஸிர் செய்த முதல் வேலை, கடையை வாடகைக்கு விட்டது. இரண்டாவது வேலை, அம்மாவிடம் "நீங்க ரெஸ்ட் எடுங்க அம்மி" என்று சொன்னது. எனக்கு இந்த ரெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நாளெல்லாம் நாலு பேரிடம் பேசி, சண்டை போட்டு, பேரம் முடித்து, நிறம் பார்த்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, அம்மாவை ராணி மாதிரி வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆப்பாவுக்குக் காது மந்தமாகியிருந்தது. காது மெஷின் வாங்கி, அது கீச்சென்று கத்துகிறது என்று டப்பாவோடு அலமாரியில் போட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்து கொடுக்க யாருக்கும் நேரமில்லை. காது கேட்காததால் ஆப்பா பேச்சில் கலந்துகொள்வது குறைந்தது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஞாபகம் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். ஒருநாள் டீ கொடுத்தார், வாயில் வைக்க முடியவில்லை, பால் திரிந்து புளித்திருந்தது. அவர் அதே டீயை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தார். பால்காரனின் கேனை மோந்து பார்த்தே திருப்பி அனுப்பிய பெண்மணி. இன்னொரு நாள் என்னோடு பாண்டி பஜார் வந்தவர், தன் பழைய கடைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "பாய் கடைக்கு எப்டி போணும் ஜைதூன்?" என்று கேட்டார். இடம் மாறிப்போனதால் கேட்கவில்லை. அவர் கையால் மாட்டிய பச்சை ஷட்டர் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலமே முதஸ்ஸிரிடம் போய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "வயசானா அப்டித்தான் காலா" என்றான். காலா என்றால் சின்னம்மா. அவன் மனைவி இஃப்ரா, "டெய்லி பாதாம் ஊற வச்சு குடுக்கிறேன் காலா. மெமரி பவுடர் ஆர்டர் போட்டிருக்கேன். மூளைக்கு எக்ஸர்சைஸ் வேணும்னு ஃபோன்ல கேம் கூட போட்டுத் தர்றேன்" என்றாள். அந்த கேமை நான் பார்த்தேன். கலர் கலராய் உருண்டைகள் விழும், ஒரே நிறத்தைச் சேர்த்தால் வெடிக்கும். ஆயிரம் புடவைக்கு நிறம் பார்த்த கண்ணுக்கு முன்னால் அந்த உருண்டையை வைத்துவிட்டு இவள் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொள்வாள். மூளைக்கு வேலை கொடுக்கிறார்களாம். இருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

அந்த வருஷ பக்ரீத்துக்கும் வழக்கம்போல எல்லோரும் ஏழைகளின் பங்கை ஆப்பாவிடம் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். பாய் விரித்து, தராசு வைத்து, அவர் கை எப்போதும்போலத்தான் வேலை செய்தது. எனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, பண்டிகை அன்றும் மத்தியானத்துக்கு மேல் ஓடவேண்டியிருந்தது. சாயங்காலம் கேட்டில் வரிசை நின்றது. ஆப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "குடுத்தாச்சே, குடுத்தாச்சே, போங்க" என்று சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு வருஷமும் வாங்கிப்போகும் தேவானை, "யாருக்கும்மா குடுத்த? நாங்க இங்கதான நின்னுகினு கீறோம்?" என்று கேட்டிருக்கிறாள். வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

அப்புறம்தான் அந்த நாற்றம். கடைசியில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தேடிக்கொண்டு போனோம். நாற்றம் ஆப்பாவின் மாடி அறையில் போய் நின்றது. பீரோவிலிருந்து தரையில் ஏதோ கசிந்திருந்தது. அதற்கு ஓரடி தள்ளி இருக்கும் கட்டிலில்தான் ஆப்பா அத்தனை இரவும் தூங்கியிருக்கிறார். அவருக்கு எந்த வாசனையும் வரவில்லை. முதஸ்ஸிர் சாவியைப் பிடுங்கித் திறந்தான். இஃப்ரா வாசலிலேயே வாந்தி எடுத்தாள். உள்ளே இருந்ததை நான் வர்ணிக்கப்போவதில்லை, சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்களும் இருப்பார்கள்.

ஷரஃபுதீனும் அங்கே வந்து நின்றான். எங்கிருந்துதான் இவனுக்கு மூக்கு வியர்க்குமோ தெரியாது. முதல் வார்த்தை அவனுடையதுதான். "ஏழைங்க பங்க திருடி உள்ள வச்சுகினு, குடுத்தாச்சுன்னு பொய் வேற. இத்தினி வருசமா இதான் நடந்துகினு இருந்துச்சா?"

"டேய், பொட்டலத்தப் பாருங்கடா" என்று நான் கத்தினேன். "முடிச்சப் பாருங்க. வெள்ளைத் துணி, பச்சை லேஸ். அமானத் கட்டுற கட்டு. இவங்க இத அமானத்துன்னு நெனச்சு பூட்டி வச்சிருக்காங்க. தனக்கு வேணும்னா ஃப்ரிட்ஜில வைக்க மாட்டாங்களா? மேல்தட்டப் பாரு, ஊரார் வளையல் அப்டியே கீது. வளையல வுட்டுட்டு கறியத் திருடுவாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கையும் மூக்கில் இருந்தது. கை மூக்குக்குப் போய்விட்டால் கண்ணும் அறிவும் சேர்ந்து மூடிக்கொள்ளும் போலிருக்கிறது. ஆப்பா கட்டிலில் உட்கார்ந்து, "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க ஒரே பேச்சு. பர்தாவுக்குள் திருடி என்றார்கள். அந்த பீரோவில் பொருள் வைத்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து, எண்ணிப் பார்த்து, நாற்றம் பிடித்ததை டெட்டால் போட்டுக் கழுவி எடுத்துப் போனார்கள். ஒரு பொருளும் குறையவில்லை. குறையவில்லை என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. ஆப்பாவின் உப்பைத் தின்று வளர்ந்த வாய்கள். எனக்கு அந்த முகங்களில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

ஷரஃபுதீன் வீடு வீடாகப் போய், பங்கு கொடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த அம்மா வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும், ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்தான். நான் முதஸ்ஸிர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை இல்லையா? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து அவனே அழைத்துக்கொண்டு வந்தான்.

ஒரு வாசலில் நிற்பான். "மாஃப் கேளுங்க அம்மி."

"எதுக்கு பேட்டா?"

"ஏழைங்க கறிய எடுத்து ஒளிச்சு வச்சீங்க. அதுக்கு."

"நானா? அல்லாவே, நானா?" ஆப்பா நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். முகம் வெளுத்துப்போகும். பிறகு கைகளைக் குவித்து, "மாஃப் பண்ணிடுங்க, தெரியாம பண்ணிட்டேன்" என்பார். அடுத்த வாசலுக்குப் போவதற்குள் மறந்துவிடும். அங்கேயும் "எதுக்கு பேட்டா?" அவன் மறுபடி சொல்வான். அவர் மறுபடி நெஞ்சில் கை வைப்பார். ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பெண்மணிக்குத் தான் ஒரு திருடி என்று புதிதாகத் தெரியவந்தது. ஷரஃபுதீன் பின்னாலேயே செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். ஆதாரத்துக்காம்.

என் வாசலுக்கு வந்தபோது நான் படியில் குறுக்கே நின்றேன். "இங்க அவங்க வாயத் திறந்து மாஃப் கேட்டா, உன் பல்லு வாய்க்குள்ள இருக்காது முதஸ்ஸிர். கூட்டிக்கினு போ வீட்டுக்கு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அடுத்த வீட்டுக்குப் போகாமல் நிற்கவில்லை. கடைசி வாசல்களில் ஆப்பா "எதுக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டார். கதவைப் பார்த்ததும் தானாகவே கை குவிந்தது.

மறுநாள் கடையில் லீவு சொன்னேன். சூப்பர்வைசர் முகம் கோணியது, கோணட்டும். இந்தப் பெயரைத் துடைக்காமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வெறி வந்திருந்தது. மயிலாப்பூரில் மறதி நோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். ஆட்டோ பிடிக்கப் போனபோது முதஸ்ஸிரும் இஃப்ராவும் குறுக்கே வந்தார்கள். நான் விடவில்லை. நீங்கள் வராவிட்டால் நானே கூட்டிக்கொண்டு போவேன், போய்விட்டு வந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நேராகச் சொல்வேன் என்றதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

டாக்டர் ஸ்வர்ணலதா நிதானமானவர். ஆப்பாவின் காதுக்கு அருகில் போய், முகத்தைப் பார்த்துப் பேசினார். காது மெஷினை மாட்டிக் கூட்டிவந்திருக்கலாமே என்று இஃப்ராவைப் பார்த்தார். மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டார், ஒன்றும் வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார். ஆப்பா வட்டத்தை அழகாகப் போட்டுவிட்டு எண்களை எல்லாம் ஒரே ஓரத்தில் குவித்து எழுதினார். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் குறைபாடு, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார். சில காரணங்களைச் சரிசெய்துவிடலாம், அதனால்தான் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்றார்.

பிறகு வீட்டில் எப்போதிலிருந்து மாற்றம் தெரிகிறது என்று கேட்டார். இஃப்ரா ஆரம்பித்தாள். அடுப்பை அணைக்காமல் விட்டது, செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தது, சொந்தப் பேத்தி சிம்ராவை இறந்துபோன தங்கையின் பெயரால் கூப்பிட்டது, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டது, ரம்ஜான் மாதத்தில் நோன்புக்கு முன் சாப்பிடும் சஹருக்கு ஒரே இரவில் மூன்று முறை எழுந்தது. நிறுத்தாமல், திணறாமல், வரிசையாகச் சொன்னாள். ரொம்ப நாட்களாகவே நடப்பதாகச் சொன்னாள். ஆக, இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்ததும் அவளைச் சுவரோரம் நிறுத்தினேன். "தெரிஞ்சுக்கினேவா நேத்து வாசல் வாசலா இழுத்துக்கினு போனீங்க?"

அவள் அழுதாள். "மறதி வியாதி பரம்பரைல வரும்னு சொல்லிடுவாங்க காலா. சிம்ராவுக்குச் சம்பந்தம் பேசிக்கினு இருக்கோம். கறி விஷயம்னா நாலு நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க. மூளை சரியில்லாத குடும்பம்னா யாரு பொண்ணு எடுப்பாங்க?"

அம்மாவுக்கு நோய் என்ற பெயர் வரக்கூடாதாம், திருடி என்ற பெயர் வரலாமாம். மயிலாப்பூர் வெயிலில் நின்றுகொண்டு எனக்கு அன்றுதான் உண்மையாகவே வாந்தி வந்தது. அழுகிய இறைச்சிக்கு வராத வாந்தி. ஆப்பா பக்கத்தில் நின்று என் முதுகைத் தடவி, "வெயில்ல வந்தியா? மோர் குடிக்கிறியா?" என்று கேட்டார்.

ஸ்கேனும் பரிசோதனைகளும் வந்தபின் டாக்டர் தெளிவாகச் சொன்னார். "பீரோ சாவியை எங்க வச்சோம்னு தேடுறது வயசு. பீரோவுல எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாதுன்னே தெரியாம போறது வியாதி. வாசனை தெரியாம போறதும் இதோட ஆரம்பத்துலயே வரலாம். முழுசா திருப்ப முடியாது. ஆனா காது கேக்கட்டும், சுகரும் பிரஷரும் கட்டுப்பாட்டுல இருக்கட்டும், தினமும் நடக்கட்டும், மனுஷங்களோட இருக்கட்டும். இதெல்லாம் முன்னாடியே செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்." பிறகு எங்களைப் பார்த்து, "திட்டாதீங்க, பயமுறுத்தாதீங்க. நடந்தது அவங்களுக்கு மறந்துடும். அது கொடுத்த பயமும் வெட்கமும் மறக்காது, உள்ளயே தங்கிடும்" என்றார். முதஸ்ஸிர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் நேராகப் போய் ஹஜ்ரத்திடம் சொன்னேன். அந்த மனிதர் நல்லவர். புத்தி தவறியவர் செய்வதற்குக் குற்றம் எழுதப்படுவதில்லை, ஆனால் விசாரிக்காமல் ஒருவரைத் திருடி என்றவர்களுக்கு எழுதப்படும் என்று அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னார். சந்து கொஞ்சம் தலைகுனிந்தது. ஷரஃபுதீன் என்னைப் பார்த்து, "எங்களுக்கு எப்டி காலா தெரியும்? சரி வுடுங்க, நாங்க மாஃப் பண்ணிட்டோம்ல" என்றான். செய்யாத குற்றத்துக்கு இவன் மன்னிப்பு வழங்கிவிட்டானாம். எத்தனை பெரிய மனசு!

பெயர் துடைக்கப்பட்டுவிட்டது என்று நானும் நினைத்தேன். சந்தில் யாரும் இப்போது அவரைத் திருடி என்று சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெயர் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் என் கதவு தட்டப்பட்டது. ஆப்பா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். கை குவிந்திருந்தது. "ஜைதூன், மாஃப் பண்ணிடு. நான் ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா தப்பு ஆப்பா?"

யோசித்தார். முகம் தவித்தது. "தெரியல. ஆனா பண்ணிட்டேன். எல்லாரும் மூக்கப் பொத்திக்கினாங்க."

பீரோ ஞாபகமில்லை. இறைச்சி ஞாபகமில்லை. முதஸ்ஸிர் இழுத்துப் போனது ஞாபகமில்லை. வெட்கம் மட்டும் மிச்சம். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று காதில் உரக்கச் சொன்னேன். சமாதானமாகி, டீ குடித்து, சிரித்துப் பேசிவிட்டுப் போனார். மறுநாள் காலை மறுபடி வந்தார். என் வாசலுக்கு மட்டுமில்லை, எல்லா வாசலுக்கும் போனார். அன்று எந்த வரிசையில் இழுத்துப் போனார்களோ அதே வரிசை. தன் தங்கை பெயரும் பேத்தி பெயரும் குழம்பிப்போனவருக்கு அந்த வாசல்களின் வரிசை மட்டும் குழம்பவில்லை.

ஆரம்பத்தில் பாவம் என்றார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள். பிறகு அவர் வரும் நேரத்துக்குக் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். உள்ளே டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும், கதவு மட்டும் திறக்காது. மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று கூடிப் பேசிய அதே வீடுகள். ஆப்பா சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, கை குவித்து, கேட்டுவிட்டு, அடுத்த கதவுக்குப் போவார். இஃப்ரா இப்போது காது மெஷினை மாட்டிவிடுகிறாள், மாத்திரை கொடுக்கிறாள், நடக்கக் கூட்டிப்போகிறாள். சிம்ராவின் சம்பந்தம் நோயைத் தெரிந்துகொண்டே முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்லயும் ஒருத்தர் கீறாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாராம். இதற்குத்தான் இத்தனை கூத்து.

ஒருநாள் ஷரஃபுதீன் என்னிடம் வந்தான். "காலா, நீங்க சொன்னா அவங்க வீட்ல கேப்பாங்க. அந்தம்மாவ உள்ள வச்சு பூட்டச் சொல்லுங்க. தெனம் காலைல வந்து கையக் கூப்பிக்கினு நிக்கிறாங்க. கடை தொறக்கிற நேரம், கஸ்டமர் பாக்குறான். அசிங்கமா கீது."

"அசிங்கமா கீதா?" என்றேன். "ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்னு சொன்னது நீதான? அவங்களுக்கு டெய்லி அதுதான் அந்த ஒரு தடவ. நீ புடிச்ச வீடியோ இன்னும் ஃபோன்ல கீதா? எடுத்துப் பாரு. அதுல அவங்க மூஞ்சிய வாசல் வாசலா பாரு. பாத்துட்டு வந்து என்கிட்ட பேசு."

அவன் போனான். பார்த்திருக்கவேண்டும். மறுநாள் காலை ஆப்பா அவன் கடை வாசலுக்கு வந்தபோது நான் என் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அவன் கீழே இறங்கி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் பிரித்தான். "நீங்க கேக்காதீங்கம்மா. நான்தான் கேக்கணும். நான்தான் உங்கள திருடின்னு சொன்னேன். மாஃப் பண்ணிடுங்க" என்றான். குரல் உடைந்துவிட்டது.

ஆப்பா அவன் தலையைத் தடவினார். "நீ இன்னா பண்ண நைனா? நீ நல்ல புள்ள. தொடைக்கறி கொண்டாந்தியே" என்றார். அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதான். அவரைக் கைப்பிடித்து வீட்டில் கொண்டுவிட்டான். அந்த வீடியோவையும் அழித்துவிட்டதாக என்னிடம் வந்து சொன்னான்.

அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. இனி போகமாட்டார், கேட்கவேண்டியவன் கேட்டுவிட்டான், அது அவருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் கதவு தட்டப்பட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கை குவித்து, ஆப்பா நின்றுகொண்டிருந்தார்.